பாய்ப்பலகை பழுது பார்ப்போம், வீட்டிலேயே!

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று சங்கச் செயலாளர் கேட்டார். "கவிதை எல்லாம் நமக்கு வராதுண்ணே, கையில கிரீஸ் ஒட்டுற விஷயம்னா எழுதுறேன்" என்றேன். "அதையே எழுது" என்றுவிட்டார். ஆகவே இந்தக் கட்டுரை. பட்டறைப் பாடத்தில் படித்த நாலைந்து விஷயங்கள் கடலில் எப்படி உயிரைக் காப்பாற்றும், தெரியாவிட்டால் எப்படி உயிரை வாங்கப் பார்க்கும் என்பதைச் சொல்லப் போகிறேன்.

விண்ட்சர்ஃபிங் என்றால் என்ன?

ஒரு மிதக்கும் பலகை. அதன் மேல் ஒரு பாய்மரம், பாய், கையால் பிடிக்க ‘பூம்’ என்னும் வளைந்த குழாய். பலகையின் அடியில் மீன் துடுப்பு போல ‘ஃபின்’. சுக்கான் கிடையாது. பாயை முன்னால் சாய்த்தால் பலகை ஒரு பக்கம் திரும்பும், பின்னால் சாய்த்தால் மறு பக்கம் திரும்பும். அப்படியானால் பாய்மரம் எல்லாத் திசையிலும் சாய வேண்டும், சுழலவும் வேண்டும். அதற்காக மரத்துக்கும் பலகைக்கும் நடுவே இருப்பதுதான் யுனிவர்சல் ஜாயின்ட். நாம் மெஷின் தியரி பாடத்தில் வரைந்து வரைந்து அலுத்துப்போன ஹூக்ஸ் ஜாயின்டின் தம்பி இது. கலிஃபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்சர் என்ற இருவர் 1968-இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இது போட்டியாகவே வந்துவிட்டது. பெண்கள் பிரிவு 1992-இல் வந்தது.

எனக்கு இது எப்படி வந்தது?

என் சொந்த ஊர் மண்டபம் பக்கம். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஒரு நீர் விளையாட்டு மன்றத்தில் கழித்துக் கட்டிய பழைய செட் ஒன்றைப் படகு இன்ஜின் மெக்கானிக்கான என் மாமா வாங்கி வந்தார். "நீதான் டிப்ளமா படிக்கிறியே, சரி பண்ணிக்கோ" என்று என்னிடம் தள்ளிவிட்டார். நானும் பண்ணினேன், பாதி சரியாக, பாதி தப்பாக.

ஜாயின்டின் ரப்பர் இடுப்பில் மயிரிழை போல விரிசல் இருந்தது. டியூப் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டேன். பார்வைக்குப் புதுசு போல இருந்தது. ஜூன் மாதம் வடகரையில் இறங்கினேன். தென்மேற்குக் காற்று. அதாவது வடகரையில் அது நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. அரை கிலோமீட்டர் போயிருப்பேன், ‘டப்’ என்று ஒரு சத்தம். மரம் தனி, பலகை தனி. நான் பாயைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கிடக்கிறேன், பலகை காற்றில் நழுவிப் போகிறது. பாய் தண்ணீரில் படுத்து நங்கூரம் மாதிரி நிற்கும், பலகைக்குத் தடை இல்லை. பாய் விலை ஞாபகம் வந்து நாலைந்து விநாடி அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புத்தி வந்தது. பாயை விட்டுவிட்டு நீந்தி, மூச்சு முட்டப் பலகையைப் பிடித்தேன். ஒரு வல்லம் வந்து ஏற்றிக்கொண்டது. அதிலிருந்த பெரியவர் திட்டவில்லை. அறுந்த ஜாயின்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒட்டுறதுக்குன்னு ஒண்ணு இருக்கு, தூக்கிப் போடுறதுக்குன்னு ஒண்ணு இருக்கு" என்றார். இந்தக் கட்டுரையின் சாரம் அதுதான்.

1. யுனிவர்சல் ஜாயின்ட் – ஒட்டவே கூடாது

ரப்பரில் செய்த இடுப்பு வடிவ ஜாயின்ட், பாலியூரிதேனில் செய்த உருளை வடிவ ‘டெண்டன்’ என இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் எதிரி வெயிலும் திரும்பத் திரும்ப வளைவதும். நாம் படித்த ‘ஃபெட்டீக்’ இதுதான். ஒரு தடவையில் உடைக்க முடியாத பளுவும் பல்லாயிரம் தடவை வந்தால் உடைத்துவிடும். விரிசல் மேல்பரப்பில் ஆரம்பித்து உள்ளே போகும். பசை மேல்தோலை மூடும், உள்ளே ஒன்றும் பண்ணாது.

சோதனை: ஜாயின்டைத் தனியே கழற்றி, கையால் 90 டிகிரி வளையுங்கள். வளைந்த வெளிப்புறத்தில் விரிசல், வெளுப்பு, பிசுபிசுப்பு எது தெரிந்தாலும் மாற்றுங்கள். நான்கு திசையிலும் இப்படிப் பாருங்கள். பிறகு போல்ட், பின், வாஷர் தேய்மானம் பாருங்கள். ஜாயின்டுக்குப் பக்கத்தில் ஒரு பாதுகாப்புப் பட்டையோ கயிறோ இருக்கும். ஜாயின்ட் அறுந்தாலும் மரம் பலகையை விட்டுப் போகாமல் பிடிப்பது அதுதான். என் செட்டில் அது இல்லை, இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

2. கால் பட்டையின் ஸ்குரூ லூஸ்

பலகையின் மேல் காலை நுழைக்கும் பட்டைகள் உண்டு. அவை பிளாஸ்டிக் பிளக்கில் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவால் பிடித்திருக்கும். பலத்தைக் காட்டி முறுக்கினால் பிளக்கின் மரை போய்விடும். பவர் டிரில்லால் முறுக்கவே வேண்டாம், கை டிரைவர் போதும்.

மரை போயிருந்தால் இப்படிச் செய்யலாம். ஓட்டையை நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். எபாக்ஸியில் கண்ணாடி நார்த் துணுக்குகளைக் கலந்து கெட்டியாக்கி உள்ளே அடையுங்கள். ஸ்குரூவில் மெழுகோ வாசலினோ தடவி, நேராக நிறுத்துங்கள். இறுகியபின் ஸ்குரூவைக் கழற்றினால் உள்ளே புது மரை ரெடி. மெழுகு மறந்தால் ஸ்குரூ ஜென்மத்துக்கும் வராது!

3. ஃபின் ஆட்டம்

ஃபினைப் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்றால் முதலில் போல்டை முறுக்குங்கள். பிறகும் ஆடினால் ஃபின் அடிப்பகுதிக்கும் பெட்டிக்கும் இடைவெளி என்று அர்த்தம். அடிப்பகுதியில் டேப் ஒரு சுற்று ஒட்டி, கையால் அழுத்தினால் இறுக்கமாக உட்காரும் அளவுக்குக் கொண்டு வாருங்கள். சுத்தியல் வேண்டாம். பெட்டியைச் சுற்றிப் பலகையிலேயே விரிசல் தெரிந்தால் அது டேப் வேலை இல்லை. அங்கே தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

4. பலகையில் ஓட்டை – இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்

இன்றைய பல பலகைகளின் உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த தெர்மோகோல். மேலே கண்ணாடி நார்த் துணியும் எபாக்ஸியும். நம் கடற்கரையில் ஃபைபர் படகு ஒட்டுகிறவர்களிடம் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின். அதில் உள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு துண்டு தெர்மோகோலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், பள்ளம் விழும். ஆகவே தெர்மோகோல் பலகைக்கு எபாக்ஸி மட்டுமே.

பாலியஸ்டரில் வேலை செய்கிற நண்பர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலந்த பிறகே மற்றது.

வேலை முறை:

(அ) எடை பாருங்கள். பலகையைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் நின்று, உங்கள் எடையைக் கழியுங்கள். தினமும் எழுதி வையுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் தண்ணீர் இன்னும் வெளியேறுகிறது. இரண்டு மூன்று நாள் ஒரே எடை நின்றால்தான் காய்ந்தது. நிழலில், காற்றோட்டத்தில், ஓட்டை கீழே பார்க்க வையுங்கள். பொறுமை இல்லாமல் ஒட்டினால் உள்ளே தண்ணீர் சிறைப்பட்டு, வெயிலில் மேல்தோல் பிரியும்.

(ஆ) ஓட்டை எங்கே என்று தெரியவில்லையா? காற்றுத் திருகை மூடி, இளவெயிலில் சிறிது நேரம் வைத்து, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். உள்ளே காற்று விரிந்து குமிழி வரும். சைக்கிள் பம்பால் காற்றடிக்காதீர்கள், பலகை உப்பிப் பிரிந்துவிடும்.

(இ) உடைந்த சில்லுகளை நீக்கி, சுற்றிலும் 3 செ.மீ. அளவுக்கு 80-ஆம் நம்பர் எமரித் தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடையுங்கள். பள்ளத்தைக் கெட்டியான எபாக்ஸிக் கலவையால் நிரப்புங்கள்.

(ஈ) மேலே கண்ணாடி நார்த் துணி இரண்டு அடுக்கு. முதல் துண்டு சிறியது, அடுத்தது அதைவிட ஒரு விரல் பெரியது. பழைய ஓ.எச்.பி. ஷீட்டை மேலே போட்டு அழுத்தினால் குமிழி போய் வழவழப்பாக வரும்.

(உ) ரெசினுக்கும் ஹார்டனருக்கும் டப்பாவில் போட்ட விகிதம்தான் சட்டம். எடை விகிதமா, கன அளவு விகிதமா என்று இரண்டு தடவை படியுங்கள். 100-க்கு 50 எடை என்றிருந்தால், 40 கிராம் ரெசினுக்கு 20 கிராம் ஹார்டனர். சீக்கிரம் இறுகட்டும் என்று அதிகம் ஊற்றினால் என்றைக்கும் முழுசாக இறுகாது. கப்பில் மொத்தமாகக் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே புகையும். கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்புங்கள். கையுறை கட்டாயம். தேய்க்கும்போது மூக்கில் மாஸ்க், தூள் பறக்காமல் இருக்க வாட்டர் பேப்பர்.

மேல்தளத்தில் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக்’ சத்தம் ‘டொப்’ என்று மாறும் இடத்தில் தோல் பிரிந்திருக்கிறது. சின்ன இடமானால் இரண்டு நுண்துளை போட்டு, ஒன்றில் சிரிஞ்சால் எபாக்ஸி ஏற்றுங்கள். மற்றதில் வழியும்போது நிறுத்தி, மேலே மணல் மூட்டை வையுங்கள்.

5. மரம், பூம், பாய்

இரண்டு துண்டாக வரும் மரத்தின் இணைப்பில் மணல் புகுந்தால் கழலாது. அப்படி மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு பூமைப் பூட்டி, இரண்டு பேர் எதிரெதிராகத் திருகி இழுங்கள். நெம்புகோல் தத்துவம். இணைப்பு லூஸாக இருந்தால் உள்ளே போகும் பகுதியில் டேப் ஒரு சுற்றுப் போதும். நார் வெளியே தெரியும்படி மரத்தில் வெடிப்பு இருந்தால், அது கழிவு.

பூம் அலுமினியம், அதன் பின்கள் ஸ்டெயின்லெஸ். நடுவே உப்புத் தண்ணீர். இது ஒரு பேட்டரி செல்! அரிபடுவது அலுமினியம்தான். அதனால் வெள்ளைப் பொடி பூத்து, நீட்டிச் சுருக்கும் பகுதி இறுகிவிடும். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, பிரித்துப் போட்டுக் காய வையுங்கள். உலோகங்கள் தொடும் இடத்தில் லேசாகக் கிரீஸ். பூமின் பிடி மரத்தில் வழுக்கினால், பங்சர் கடையில் கிடைக்கும் பழைய சைக்கிள் டியூபை ஒரு துண்டு வெட்டி நடுவில் கொடுங்கள்.

பாயின் கண்ணாடி போன்ற பகுதி வெயிலில் நொறுங்கும். கிழிசலைத் தைக்காதீர்கள். ஊசி போட்ட ஓட்டைகள் தபால் தலைத் துளை மாதிரி, அந்த வரியிலேயே மறுபடி கிழியும். ஸ்பிரிட்டால் துடைத்து, பாய்க்கான டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டி, டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். துணிப் பகுதியையும் இடுப்புப் பட்டையையும் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொடுத்தால் அழகாகத் தைத்துத் தருவார். பருத்தி நூல் வேண்டாம், மட்கிவிடும். நைலான் அல்லது பாலியஸ்டர் நூல் கொடுங்கள்.

ஒட்டலாமா, கழிக்கலாமா?

நானே வைத்துக்கொண்ட ஒரு கேள்வி இது: ‘இது கடலில் உடைந்தால் நான் திரும்பி வர முடியுமா?’ கால் பட்டை, பூம் உறை, பாயில் சின்னக் கிழிசல், பலகையில் சின்ன ஓட்டை என்றால் வர முடியும், ஆகவே ஒட்டலாம். ஜாயின்ட், பாய்மரம், ஜாயின்டின் பாதுகாப்புப் பட்டை, தேய்ந்த கயிறு என்றால் முடியாது, ஆகவே மாற்ற வேண்டும். காசு இல்லையா? காசு வரும் வரை கரையில் இருப்போம்.

இறங்கும் முன் இரண்டு நிமிடம்

ஜாயின்டை வளைத்துப் பார். பாதுகாப்புப் பட்டை இருக்கிறதா பார். கயிறு நார் பிரிந்திருக்கிறதா பார். ஃபினை ஆட்டிப் பார். காற்றுத் திருகு மூடியிருக்கிறதா பார். லைஃப் ஜாக்கெட் போடு. இடுப்பில் இரண்டு மீட்டர் கயிறு சுற்றிக்கொள். ஜாயின்ட் அறுந்தால் மரத்தின் அடியைக் கால் பட்டையோடு கட்ட உதவும். நிலத்திலிருந்து கடலுக்குக் காற்றடிக்கும் நாளில் தனியாகப் போகாதே. எது நடந்தாலும் பலகையை விடாதே.

நண்பர்களே, அந்தப் பாய் போனது போனதுதான். அறுந்த ஜாயின்ட் மட்டும் வல்லத்தில் என்னோடு வந்தது. நம் ஒர்க்‌ஷாப்பில் என் டூல் பாக்ஸில் அது இப்போதும் இருக்கிறது. யாராவது "மேலாக ஒரு கோட் பசை போட்டா போதும்டா" என்று சொன்னால் எடுத்துக் காட்டுகிறேன். வேண்டுமென்றால் நீங்களும் வந்து பாருங்கள். வெளியே டேப் பளபளப்பாகவே இருக்கிறது.