தங்க லைக்காவும் சின்ன லென்ஸும்

"அண்ணா, இது தங்கம்தானே?"

போன மாதம் கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட் அருகே ஒரு தம்பி என் கையில் ஒரு கேமராவை வைத்துக் கேட்டார். உடல் முழுக்க மஞ்சள் பளபளப்பு. தலையில் 'லைக்கா' என்று பொறிப்பு. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்ததாம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடும்வரை தலைமுறை தலைமுறையாகத் தங்கம் தோண்டிய ஊர் இது. கல்லைப் பார்த்த மாத்திரத்தில் எது தங்கம், எது வெறும் மினுக்கு என்று சொல்லிவிடும் பெரியவர்கள் இங்கே தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்தார்கள். கேமராவுக்கும் அப்படி ஓர் உரைகல் உண்டு.

லைக்கா நிறுவனம் தங்க முலாம் பூசிய 'லக்சஸ்' என்ற மாடலை 1929 முதல் 1931 வரை செய்தது உண்மைதான். மொத்தமே நூற்றுக்கும் குறைவு. ஆனால் அந்த மாடலில் தூரம் அளந்து ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது. தூரத்தை மனக்கணக்காக வைத்துத்தான் எடுக்க வேண்டும். தம்பி கொண்டுவந்ததில் முன்பக்கம் மூன்று கண்ணாடி ஜன்னல்கள் இருந்தன. அதாவது உள்ளே ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கிறது. லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தோம். லென்ஸின் பின்பகுதி தொட்டுத் தள்ளும் சின்னக் கை ஒன்று அங்கே இருக்கும். அதன் நுனியில் உருளை இருந்தால் லைக்கா. ஆப்பு வடிவில் இருந்தால் சோவியத் நாட்டின் ஃபெட் அல்லது ஜோர்க்கி. இதில் இருந்தது ஆப்பு. யாரோ எப்போதோ முலாம் பூசிப் பெயரை மாற்றிப் பொறித்திருக்கிறார்கள். உலகம் முழுக்க இப்படி ஏராளமான 'தங்க லைக்காக்கள்' சுற்றுகின்றன.

தம்பியின் முகம் வாடிவிட்டது. வாட வேண்டியதே இல்லை. ஃபெட் கேமரா கார்கிவ் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடந்த ஒரு கம்யூனில் பிறந்தது. கல்வியாளர் மக்கரென்கோ நடத்திய கம்யூன் அது. 1934 முதல் அங்கே பிள்ளைகளின் உழைப்பில் கேமரா வெளிவந்தது. என்னைக் கேட்டால், அந்த வரலாறு முலாமைவிட மதிப்புள்ளது. ஷட்டர் ஓடுகிறது, ரேஞ்ச்ஃபைண்டருக்குள் இரட்டைப் பிம்பம் தெளிவாகச் சேர்கிறது. படமெடுக்க வேறென்ன வேண்டும்? அதோடு வந்த லென்ஸ் மட்டும் உள்ளுக்குள் வெளுத்துப் போயிருந்தது. எனவே அவருடைய அடுத்த கேள்வி, பையில் அடங்குகிற மாதிரி, கைக்கு எட்டுகிற விலையில் என்ன லென்ஸ் வாங்கலாம் என்பது. அவருக்குப் பதில் சொல்லத் தொடங்கியபோதுதான், இந்த விஷயத்தில் எத்தனை தப்பான நம்பிக்கைகள் ஊறிக் கிடக்கின்றன என்று தெரிந்தது.

"எஃப் எண் சின்னதாக இருந்தால்தான் நல்ல லென்ஸ்." அபர்ச்சர் எவ்வளவு பெரிதாகத் திறக்கிறதோ, அவ்வளவு உயர்ந்த லென்ஸ் என்பது இதன் பொருள். பணத்தை அதிகம் தின்கிற நம்பிக்கையும் இதுதான்.

நம் ஊர் வெயிலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால், பிலிமின் வேகம் எவ்வளவோ அதுவே ஷட்டர் வேகம் என்பது பழைய ஸ்டூடியோக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான விதி. ஐஎஸ்ஓ 400 பிலிம் போட்டால் எஃப் 16-க்கு நொடியில் 400-இல் ஒரு பங்கு. அதே வெளிச்சத்தில் எஃப் 2 வரை திறக்க வேண்டுமானால் ஆறு படி ஏற வேண்டும். ஷட்டர் நொடியில் 25,600-இல் ஒரு பங்கில் ஓட வேண்டும். ஜோர்க்கி 4-இன் உச்ச வேகமும், பெயர்பெற்ற லைக்கா எம்3-இன் உச்ச வேகமும் 1,000-இல் ஒரு பங்குதான். ஆக, சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டின் மீது பகலில் நின்று எடுக்கும்போது ஐம்பதாயிரம் ரூபாய் லென்ஸும் எஃப் 11-இல்தான் நிற்கும், ஐயாயிரம் ரூபாய் லென்ஸும் எஃப் 11-இல்தான் நிற்கும். அந்த எண்ணில் இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் தேடத்தான் வேண்டியிருக்கும்.

1925-இல் சந்தைக்கு வந்த முதல் லைக்காவின் லென்ஸ் எஃப் 3.5. அன்றைய பிலிமின் வேகம் இன்றைய 400-ஐவிடப் பல மடங்கு குறைவு. அதை வைத்துக்கொண்டே அந்தத் தலைமுறை தெருவையும் மனிதர்களையும் எடுத்துக் காட்டியது. புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். வாழ்நாளில் பெரும்பாலும் அவர் கையில் இருந்தது ஒரு சாதாரண 50 மி.மீ. லென்ஸ்தான்.

இருட்டுக்கு என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் ரயில் பெட்டி, லைன் வீட்டுக்குள் ஒற்றை பல்பு: இங்கெல்லாம் 400 பிலிமுக்கு எஃப் 2, நொடியில் 30-இல் ஒரு பங்கு என்ற அளவு தேவைப்படும். ரேஞ்ச்ஃபைண்டரில் தூக்கி அடிக்கும் கண்ணாடி இல்லாததால் 30-இல் ஒரு பங்கைக் கையிலேயே நடுங்காமல் பிடிக்கலாம். எனவே இரவுப் படங்கள்தான் உங்கள் ஆசை என்றால் எஃப் 2 வாங்குங்கள். எஃப் 2-இலிருந்து எஃப் 1.4-க்குப் போனால் கிடைப்பது ஒரே ஒரு படி வெளிச்சம். பிலிமைக் கூடுதல் நேரம் டெவலப் செய்து 800 ஆக்கினால் அந்த ஒரு படி கிடைத்துவிடும். கொஞ்சம் மணல் தெரியும், அவ்வளவுதான்.

"லென்ஸ் குட்டியாக இருந்தால் தரம் மட்டம்." எஸ்எல்ஆர் பழகியவர்களின் நம்பிக்கை இது. எஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே கண்ணாடி ஒன்று ஏறி இறங்க வேண்டும். அதற்கு இடம்விட்டு லென்ஸைத் தள்ளி வைப்பார்கள். நிக்கானில் அந்த இடைவெளி 46.5 மி.மீ. லென்ஸைத் திருகி மாட்டும் லைக்கா திருகு வகையில் (தம்பியின் கேமராவும் இந்த வகைதான்) அது 28.8 மி.மீ. மட்டும். லென்ஸ் பிலிமை நெருங்கி உட்கார முடிவதால், குறிப்பாக அகலக் கோண லென்ஸ்களைச் சுற்றிவளைக்காமல் எளிமையாக வடிவமைக்கலாம். சின்ன உருவம் அந்த எளிமையால் வந்தது. 50 மி.மீ. லென்ஸ் எஃப் 3.5 என்றால் அதன் துவாரம் 14 மி.மீ. அளவு. எஃப் 1.4 என்றால் 36 மி.மீ. கண்ணாடி அதற்கேற்பப் பருக்கிறது, விலையும் கூடவே பருக்கிறது. இன்னொன்று: ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பருத்த லென்ஸ் மாட்டினால் வியூஃபைண்டரின் கீழ்மூலையை அதுவே மறைத்துக்கொள்ளும். சின்ன லென்ஸில் முழுக் காட்சியும் தெரியும்.

"39 மி.மீ. திருகு பொருந்தினால் லென்ஸ் பொருந்தியது மாதிரிதான்." இதில் நானே ஏமாந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் '39 மி.மீ. லென்ஸ், உங்கள் கேமராவுக்குச் சரியாக வரும்' என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். திருகினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. முதல் ரோல் முழுக்க மங்கல். ஒரு ரோலின் காசும், ஒரு கல்யாணத்தின் படங்களும் போயின. பிறகுதான் தெரிந்தது, அது இருட்டறையில் பிரிண்ட் பெரிதாக்கும் என்லார்ஜர் லென்ஸ்.

என்லார்ஜர் லென்ஸ்கள் பலவற்றுக்கும் இதே 39 மி.மீ. திருகுதான். ஆனால் அவற்றில் முன்னும் பின்னும் நகர்த்தி ஃபோகஸ் செய்யும் திருகுப் புரி கிடையாது. ரேஞ்ச்ஃபைண்டர் கையைத் தள்ளும் பகுதியும் கிடையாது. ஊர் ஊராக ஸ்டூடியோக்கள் இருட்டறையை மூடியபோது இந்த லென்ஸ்கள் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. பார்க்க அழகாக, சின்னதாக, மலிவாக இருக்கும். கையில் எடுத்ததும் மீட்டர் எண்கள் பொறித்த வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது பொறி ஜெனிட். சோவியத்தின் ஆரம்பகால ஜெனிட் எஸ்எல்ஆர் கேமராக்களுக்கும் 39 மி.மீ. திருகுதான், ஆனால் இடைவெளி 45.2 மி.மீ. அந்த லென்ஸ் நம் கேமராவில் ஏறினால் 16 மி.மீ.க்கும் மேல் பிலிமை நெருங்கி நிற்கும். எதுவும் தெளிவாக விழாது. இண்டஸ்டார்-50 என்ற ஒரே பெயரில் இரண்டு வகையும் உண்டு என்பதால் பெயரை நம்பி வாங்கக் கூடாது. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஃபோகஸ் வளையத்தைச் சுற்றும்போது உள்ளே ஒரு பித்தளை அல்லது அலுமினிய வளையம் முன்பின் நகர்ந்தால் அது ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்.

கேமரா லைக்கா எம் வகையாக இருந்தால் திருகு லென்ஸுக்கு நடுவே ஒரு அடாப்டர் வேண்டும். எம் வகையின் இடைவெளி 27.8 மி.மீ. என்பதால் அடாப்டரின் தடிமன் சரியாக 1 மி.மீ. இருக்க வேண்டும். முடிதடிமன் பிசகினாலும் ஃபோகஸ் பிசகும். அடாப்டரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

"ரஷ்ய லென்ஸ் லைக்காவில் சரிப்படாது." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. லைக்கா தன் ரேஞ்ச்ஃபைண்டரை 51.6 மி.மீ. குவியத்தூரத்துக்கு அளவு வைத்தது. சோவியத் தொழிற்சாலைகள் பின்பற்றியது ஜெர்மன் காண்டாக்ஸின் 52.4 மி.மீ. அளவை. தொலைவில் இந்த வேறுபாடு தெரியாது. ஒரு மீட்டருக்கு வந்தால் சுமார் 3 செ.மீ. தவறும். சோவியத் லென்ஸான ஜூப்பிட்டர்-8-ஐ எஃப் 2-இல் முழுக்கத் திறந்து முகத்தை நெருங்கினால், கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் கண்ணில் நிற்காது. அதே தூரத்தில் எஃப் 3.5-இல் இருபுறமும் ஏறக்குறைய 4 செ.மீ. தெளிவு இருப்பதால் பிழை அதற்குள் அடங்கிவிடும். வேகம் குறைந்த லென்ஸுக்கு இப்படிப் பொறுத்துப்போகும் குணம் ஒன்று உண்டு. எனக்கு அதன்மேல் பிரியம் வந்ததே இதனால்தான். தம்பியின் கேமராவும் சோவியத், லென்ஸும் சோவியத் என்றால் இந்தப் பிரச்சினையே எழாது. ஒரே எச்சரிக்கை, போருக்கு முந்தைய ஃபெட் கேமராக்கள்: அவற்றில் இடைவெளி ஒரே சீராக இருக்காது, ஒவ்வொரு உடலுக்கும் அதன் லென்ஸைத் தனியே சரிசெய்து அனுப்பினார்கள்.

தம்பிக்கு நான் சொன்னது இண்டஸ்டார்-22 அல்லது மடங்கும் வகை இண்டஸ்டார்-50. நாலு கண்ணாடி, எஃப் 3.5, மடக்கினால் சட்டைப்பையில் அடங்கும். படமெடுக்கும்முன் வெளியே இழுத்து, முறுக்கிப் பூட்ட வேண்டும். மறந்தால் மொத்தமும் மங்கல். வியூஃபைண்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. இழுப்பது தொல்லை என்றால் இண்டஸ்டார்-61, எஃப் 2.8, மடங்காது, கொஞ்சம் பெரிது. 35 மி.மீ. வேண்டும் என்றால் ஜூப்பிட்டர்-12 இருக்கிறது. ஆனால் அதன் பின் கண்ணாடி உடலுக்குள் வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே மீட்டர் கை ஆடும் லைக்கா சிஎல் போன்ற கேமராக்களில் மாட்டவே கூடாது. நம்பகமாக வேண்டும், காசும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது என்றால் ஜப்பானின் கோசினா செய்த வோய்க்ட்லாண்டர் கலர்-ஸ்கோபார் 35 மி.மீ. எஃப் 2.5 என் தேர்வு; திருகு வகையாகப் பார்த்து வாங்க வேண்டும், எம் வகை இந்தக் கேமராவில் ஏறாது. எடையும் குறைவு.

35-ஆ 50-ஆ என்ற சண்டையில் நான் இறங்குவதில்லை. ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். 35 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து ஃபோகஸை 5 மீட்டரில் நிறுத்தினால் இரண்டரை மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டியவரை தெளிவு. மார்க்கெட்டில் நடந்துகொண்டே எடுக்க அது போதும். 50-இல் இதே வசதி 5 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் பார்த்தாக வேண்டும். ஆனால் பழைய ஃபெட், ஜோர்க்கி வியூஃபைண்டர்கள் 50-க்கு அளந்தவை. 35 மாட்டினால் தனி ஃபைண்டர் ஒன்று வாங்க வேண்டிவரும். அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

"முன் கண்ணாடியில் கீறல் விழுந்த லென்ஸ் வீண்." மெல்லிய கீறல் ஒன்றிரண்டு படத்தில் தெரியாது, விலையைக் குறைத்துக் கேட்க உதவும். பயப்பட வேண்டியது உள்ளே படியும் மூட்டத்துக்கும் பூஞ்சைக்கும். அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பால் தெளித்த மாதிரி வெளுத்திருந்தால் நம் வெயிலில் படம் சோகை பிடித்து வரும். சிலந்தி நூல் மாதிரிக் கிளைத்திருந்தால் பூஞ்சை. நாள்பட்டது கண்ணாடிப் பூச்சையே அரித்திருக்கும், துடைத்தாலும் தடம் போகாது. தாத்தாவின் லென்ஸை இத்தனை வருடம் வைத்திருந்தது தோல் உறையில். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறையை எடுத்துவிட்டு, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கச் சொன்னேன்.

சயனைடு மேட்டுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அந்த மண் மாவு மாதிரி. காற்றில் பறக்கும்போது லென்ஸைக் கழற்றாதீர்கள், ஃபோகஸ் புரிக்குள் புகுந்தால் நறநறக்கும். சூரியனைப் பார்த்தபடி கேமராவைத் தொங்கவிடவும் கூடாது. உள்ளே கண்ணாடித் தடுப்பு இல்லாததால் லென்ஸ் வெயிலைக் குவித்துத் துணி ஷட்டரில் ஓட்டை போட்டுவிடும். நடக்கும்போது மூடி போடுங்கள். எடுக்கும்போது கழற்ற மறக்காதீர்கள்.

லென்ஸ் வந்ததும் தம்பி செய்ய வேண்டிய சோதனை இரண்டு. ஃபோகஸ் வளையத்தை முடிவிலியில் வைத்து, தொலைவில் நிற்கும் சுரங்க ஹெட்கியரையோ செல்போன் டவரையோ பார்க்க வேண்டும். இரட்டைப் பிம்பம் ஒன்றாகச் சேர வேண்டும். பிறகு மேஜைமேல் ஒரு செய்தித்தாளைச் சாய்வாக விரித்து, ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு வரியைப் பேனாவால் அடிக்கோடிட்டு, அதில் ஃபோகஸ் வைத்து, அபர்ச்சரை முழுக்கத் திறந்து மூன்று படம் எடுக்க வேண்டும். நெகட்டிவில் அந்த வரி தெளிவாக இருக்கிறதா, அதற்கு மேல் வரியா, கீழ் வரியா என்று லூப் வைத்துப் பார்க்க வேண்டும். மிச்சம் 33 படம் இருக்கும். அதை மாரிகுப்பம் ஸ்டேஷனில் எடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.