விட்டபின் நிலைநிற்றல்

மது, ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் இல்லறத்தார்க்குரிய மூலகுணங்களுள் அடங்கும். குழந்தைப் பருவம் முதல் இதனைக் கேட்டு வளர்கிறோம். ஆயினும் நம் குடும்பங்களில் மதுவுக்கு அடிமையானவர் எவரும் இலர் என்று கூற இயலாது. பழிக்கு அஞ்சி மறைக்கிறோம். மறைவில் நோய் முற்றுகிறது. மதுவை விட்டு மீண்டு வந்த ஒருவர் தம் வாழ்வை எவ்வாறு மீண்டும் கட்டி எழுப்புவது? உற்றார் அவருக்கு எவ்வாறு துணை நிற்பது? இவ்விரண்டையும் ஆராய்வதே இப்பாடம்.

உடல் தேறுதல்

மதுவடிமையை மருத்துவத்திற்குரிய நோயாகக் கொள்ள வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-இல் ஏற்றது. பல்லாண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைந்நடுக்கம், வலிப்பு, சித்தத் தடுமாற்றம் ஆகியன நேரலாம். சிலர்க்கு உயிருக்கே ஆபத்து விளையலாம். எனவே சத்தியம் வாங்கிக்கொண்டு வீட்டில் அடைத்து வைத்தல் தீங்காகும். மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிறுத்துதல் வேண்டும். உடல் தேறச் சில நாள்களோ வாரங்களோ ஆகும். வாழ்வு தேறுவதற்கோ ஆண்டுகள் வேண்டும்.

எஞ்சும் வெற்றிடம்

குடித்தவரின் மாலைப்பொழுது, நட்பு, கைப்பொருள் யாவும் மதுவைச் சுற்றியே அமைந்திருந்தன. மது நீங்கியதும் அவ்விடம் வெறுமையாகிறது. நல்லதொன்று அதனை நிரப்பாவிடில் பழையதே திரும்ப வரும்.

ஹன்ட், அஸ்ரின் என்னும் இரு அறிஞர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு விளக்கும். அமெரிக்காவின் இல்லினாய் மாநில மருத்துவமனை ஒன்றில் 16 நோயாளிகளை எட்டெட்டுப் பேராகப் பிரித்தனர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான மருத்துவம் மட்டும் அளிக்கப்பட்டது. மற்றப் பிரிவினர்க்கு அதனுடன் வேலை தேடித் தருதல், கணவன் மனைவி உறவைச் சீர்செய்தல், மதுவில்லாக் கூடுகைக்கு வழி செய்தல் ஆகியனவும் சேர்க்கப்பட்டன. பழைய மதுக்கூடம் ஒன்றே அவர்களுக்கு மனமகிழ் மன்றமாக மாற்றப்பட்டது. வீடு திரும்பிய பின் முதற்பிரிவினர் 100 நாள்களுக்கு 79 நாள் என்ற அளவில் குடித்தனர்; மற்றவரோ 14 நாள் என்ற அளவிலேயே குடித்தனர். சிறிய ஆய்வே எனினும், பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளும் இம்முறையின் பயனை உறுதி செய்தன. இழக்க மனம் வராத நல்வாழ்வு ஒன்று அமையும்போது மதுவை மறுக்கும் வலிமையும் வருகிறது.

ஸ்திதிகரணம்

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனமும் ஸ்திதிகரணமும் இங்கு நினைக்கத்தக்கவை. முன்னது பிறர் குற்றத்தைத் தூற்றாமை. நோயை மருத்துவரிடம் மறைப்பதற்கு அது சாக்காகாது. பின்னது தளர்ந்தவரை மீண்டும் நிலைநிறுத்தல்.

இதற்கு எடுத்துக்காட்டு, சிரேணிக மன்னரின் மகனான வாரிஷேண முனிவர். அவருடைய நண்பர் துறவு பூண்டும் 12 ஆண்டுகள் மனைவியையே எண்ணி ஏங்கினார். வாரிஷேணர் அவரை இகழவில்லை, கைவிடவும் இல்லை. தம் அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தாம் துறந்த செல்வத்தையும் தேவியரையும் காட்டினார். நண்பர் நாணித் தெளிந்தார். தளர்ந்தவருடன் வாரிஷேணர் தாமே நடந்து சென்றார் என்பதை நாம் கருத வேண்டும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

பசி, சினம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் குடிவேட்கையைத் தூண்டுவன. கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் வழக்கத்தைக் குடும்பத்தார் அவருடன் அமர்ந்து கடைப்பிடித்தால், மாலையில் பசியும் தனிமையும் ஒருங்கே நீங்கும். அதன்பின் ஆலய வழிபாடு, சாமாயிகம், பிள்ளைகளின் பாடம் என அந்நேரத்தை நிரப்பலாம்.

பொறுப்பைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தருக. முதலில் பால் கணக்கு, பின்னர் கழனி வேலை, அதன்பின் கடைச்சாவி. ஜினாலயத் திருவிழாவில் அவருக்கும் ஒரு பணி ஒதுக்குக. பந்தியில் அவரைக் கண்டு காதோடு காதாகப் பேசுதல் அவரைப் பழைய கூட்டத்திற்கே துரத்தும்.

மனைவியின் நிலையையும் எண்ணுதல் வேண்டும். மன்னிப்பை ஒரு நாளில் அளிக்கலாம். நம்பிக்கை மெல்லவே வளரும். அதனை உடனே தருமாறு அவரை வற்புறுத்தல் அறமன்று.

ஒத்த துன்பமுற்றோர் ஒருவர்க்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவில் தோன்றியது. நம் நாட்டிலும் அதன் கூட்டங்கள் கட்டணமின்றி நடைபெறுகின்றன. சென்னையில் 1980-இல் தொடங்கப்பட்ட டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தார்க்கும் வழிகாட்டுகிறது.

மீண்டும் வழுவினால்

ஒருமுறை வழுவியதால் யாவும் பாழாயின என்று எண்ணற்க. பிரதிக்கிரமணம் நமக்குக் கற்பிப்பது யாது? குற்றத்தை நோக்கி, ஒளியாது உரைத்து, வழிக்குத் திரும்புதல். நாள்தோறும் அதனைச் செய்யப் பணித்த நம் முன்னோர், மனிதர் வழுவுவர் என்பதை அறிந்தே பணித்தனர். அன்றே மருத்துவரை நாடுக. மறுநாள் மாலை மீண்டும் உடன் அமர்ந்து உண்க.

சிந்தனைக்கு

1. நம் ஊரில் மதுவை விட்டு மீண்டவர்க்கு நாம் அளித்த பொறுப்பு யாது?
2. பிறர் குற்றம் மறைத்தலுக்கும் நோயை மறைத்தலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. நம் இல்லத்தின் மாலைப்பொழுது எவ்வாறு கழிகிறது?

அறம் வளர்க!