விடுமுறையில் இயற்கை முகாம் வழிகாட்டி: இரத்மலானை மாணவர் எங்கே போகலாம்?

உயர்தரப் பரீட்சையின் கடைசி வினாத்தாளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு முன்னால் பல மாதங்கள் சும்மா கிடக்கின்றன. பெறுபேறு வர வேண்டும், வெட்டுப்புள்ளி வர வேண்டும், பிறகு பல்கலைக்கழகப் பதிவு வர வேண்டும். அதுவரை வெள்ளவத்தையில் ஆங்கில வகுப்பு, கொட்டாஞ்சேனையில் கணினி வகுப்பு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் டியூஷன் என்று நாள் ஓடும். இவற்றோடு சிலர் விசாரிக்கும் இன்னொரு வேலை, சிறுவர் இயற்கை முகாமில் வழிகாட்டியாக நிற்பது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பவர் அதை ‘உள்ளகப் பயிற்சி’ என்று எழுதிக்கொள்வார். மற்றவர்களுக்கு ஒரு சான்றிதழும், நல்லதாக அமைந்தால் கொஞ்சம் கைச்செலவுக் காசும் கிடைக்கும்.

வேலை எப்படிப்பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. துண்டுப்பிரசுரத்தில் வண்ணத்துப்பூச்சியும் தொலைநோக்கியும் இருக்கும். களத்தில் வழிகாட்டியின் காலை பெயர்ப்பட்டியலோடு தொடங்கும். யாருக்கு ஆஸ்துமா, யாருக்குக் கச்சான் ஆகாது என்று கேட்டு எழுத வேண்டும், தண்ணீர்ப் போத்தல்களை எண்ண வேண்டும், கழிப்பறைக்குப் போன மூவரில் இருவர்தான் திரும்பியிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரேயொரு தொலைநோக்கி, எட்டுப் பிள்ளைகள். முதல் இரண்டு பேர் பார்ப்பதற்குள் மீன்கொத்தி பறந்துவிடும். எட்டாவதாக நின்ற பிள்ளையின் முகம் சுருங்கிவிடும். அடுத்த பறவையை அந்தப் பிள்ளைக்கு முதலில் காட்ட வேண்டும் என்று நினைவில் வைத்திருப்பவர்தான் நல்ல வழிகாட்டி. விஞ்ஞானப் பெயரைப் பிறகு புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே, அங்கே என்ன மிருகம் இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், பிள்ளைகளை நடத்தும் விதத்தை அங்கே யார் சொல்லித் தருவார் என்று கேட்க வேண்டும். கீழே வரும் எல்லா இடங்களையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கலாம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். கொழும்பில் கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்று மூன்று பாடசாலை விடுமுறைகள். அவையும் கொரோனாவுக்குப் பிறகு முன்பின்னாக நகர்ந்திருக்கின்றன. சர்வதேசப் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை ஜூலை, ஓகஸ்டில் வருவதால் கட்டண முகாம்கள் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கின்றன. ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று; கல்கிசைக் கடல் கொந்தளிக்கும், கரையில் சிறுவர்களை வைத்து வேலை செய்யும் காலம் அது அல்ல. பறவை பார்க்க வேண்டும் என்றாலும் ஓகஸ்ட் ஏமாற்றும். உள்ளான், தகைவிலான், ஆறுமணிக்குருவி போன்ற வலசைப் பறவைகள் ஒக்டோபர் வாக்கில் வந்து ஏப்ரலில் திரும்பிவிடும். கொழும்பு வீட்டுத் தோட்டங்களில்கூட ஆறுமணிக்குருவி இறங்கும் டிசம்பர்தான், இயற்கை முகாமுக்கு இந்த ஊரில் உகந்த மாதம். ஏப்ரலும் பரவாயில்லை, பிற்பகல் இடிமழைக்கு முன் பிள்ளைகளை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும்.

இரத்மலானைக்காரருக்குக் கைக்கெட்டும் முதல் இடம் தெகிவளை மிருகக்காட்சிசாலை. அங்கே 1972இல் தொடங்கிய இளம் விலங்கியலாளர் சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறது. அப்போது மிருகக்காட்சிசாலையின் பணிப்பாளராக இருந்தவர் லின் டி அல்விஸ். சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலையை வடிவமைக்க அந்த நாட்டு அரசு அழைத்ததும் அவரைத்தான். சங்கத்தில் பறவை, ஊர்வன, மீன், வண்ணத்துப்பூச்சி என்று தனித்தனி ஆய்வுக் குழுக்கள் உண்டு. சேர்ந்த உடனே யாரும் வழிகாட்டி ஆவதில்லை. முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டும், பிறகு களப்பயணத்தில் மூட்டை தூக்க வேண்டும், அதற்குப் பிறகே இளையவர்கள் முன்னால் நின்று பேச வாய்ப்பு வரும். இரண்டு வாரத்தில் சான்றிதழ் தேடுபவருக்கு இது சரிவராது. பொறுமை உள்ளவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கொழும்பில் இல்லை என்றே சொல்லலாம். பேச்சு பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் தமிழிலேயே படித்து வளர்ந்த பிள்ளை முதல் சில வாரம் திணறலாம். அதற்காக விலகிவிட வேண்டியதில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் புலுனியையும் கானாங்கோழியையும் காட்டக்கூடிய வழிகாட்டிக்கு இந்த நகரத்தில் போட்டியே குறைவு.

பறவையில் மட்டும் நாட்டம் உள்ளவருக்குக் களப் பறவையியல் குழு இருக்கிறது. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சரத் கொட்டகம தொடங்கியது. வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இன்னும் பழையது. 1894இல் வேட்டைக்காரர்களின் சங்கமாகப் பிறந்து, இன்று காடு காக்கும் சங்கமாக நிற்கிறது. அதற்கு இளைஞர் பிரிவும் உண்டு. இரண்டிலும் கற்பது ஏராளம். சிறுவர்களோடு பழகும் பயிற்சி மட்டும் மிருகக்காட்சிசாலைச் சங்கத்தில் கிடைக்கும் அளவுக்குக் கிடைக்காது.

அடுத்தது ஈரநிலப் பூங்காக்கள். 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தப் பெருமைக்குக் காரணமான சதுப்புகளில் சில இன்று நடைபாதை போட்ட பூங்காக்களாக இருக்கின்றன. கோட்டேயில் 18 ஹெக்டேயர் அளவிலான பெத்தகான பூங்கா நகர அபிவிருத்தி அதிகாரசபையிடம் இருக்கிறது. தலவத்துகொடையில் உள்ள தியசரு பூங்கா காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடம் இருக்கிறது. நகரத்துக்குள் வாழும் மீன்பிடிப் பூனைகளைப் பற்றிய ஆய்வு கொழும்பில் நடந்த இடங்களில் தியசருவும் ஒன்று. இதைச் சொன்னாலே பத்து வயதுப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள், பூனை கண்ணில் படாவிட்டாலும். வாயில், வேலி, பலகை நடைபாதை, கழிப்பறை எல்லாம் இருப்பதால் முதல்முறை வழிகாட்டியாக நிற்பவருக்கு இங்கே பயம் குறைவு. பாடசாலைக் குழுக்கள் வரும் நாட்களில் உதவ அனுமதி கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதலாம். இரத்மலானையிலிருந்து பஸ் மாறிப் போக வேண்டியிருப்பது ஒன்றுதான் குறை.

இனி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சதுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் இரத்மலானைப் பிள்ளைகளே அதை மறந்துவிடுகிறார்கள். விமான நிலையத்துக்கு அப்பால் அத்திடிய. அங்கிருந்து பெல்லன்வில வரை பரந்திருக்கும் 372 ஹெக்டேயர் நிலம் 1990 ஜூலையில் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. வெரஸ் கங்கை வழியாக பொல்கொட ஏரிக்கு வடியும் வெள்ளத்தைத் தாங்கி வைக்கும் நிலம் இது. சரணாலயம் என்றாலும் மதில் கிடையாது, உள்ளே தனியார் காணிகளும் இருக்கின்றன. குப்பை கொட்டுதலும் மண் நிரப்புதலும் பல ஆண்டுக் கதை. சீத்தா இனத்தைச் சேர்ந்த ‘வெல் ஆத்த’ மரம் வந்து திறந்த நீர்ப்பரப்பை மூடிக்கொண்டு போகிறது. இவ்வளவுக்கும் நடுவே நீளவால் இலைக்கோழி தாமரை இலைமேல் நடந்து திரிகிறது. கால்விரல்கள் அத்தனை நீளம் என்பதால் இலை அமிழ்வதில்லை. பெட்டை முட்டையிட்டுவிட்டு வேறு சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவலின் வேலை. இதைக் கேட்டு “அப்ப அம்மா எங்கே?” என்று கேட்காத பிள்ளை அரிது. அந்த இடத்தில் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பேசவிடத் தெரிந்திருக்க வேண்டும்.

அத்திடியவில் ஆயத்தமாக ஒரு முகாம் இருந்து மாணவரை அழைக்காது. மாணவர்தான் ஆள் சேர்க்க வேண்டும். அதற்கு நல்ல வழி சொந்தப் பாடசாலை. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டம் பாடசாலைகளுக்குள் இயங்குகிறது. பதக்கங்களைப் படிப்படியாகப் பெற்று ஜனாதிபதி பதக்கம் வரை போகலாம். பழைய மாணவராக வந்து முன்னோடிக் குழுவின் பொறுப்பாசிரியருக்கு உதவினால், ஆசிரியர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார், பெற்றோரின் சம்மதக் கடிதமும் முறைப்படி வரும். சாரணர் குழு உள்ள பாடசாலைகளிலும் இதே வசதி உண்டு. காசு கிடைக்காது. ஆனால் ஒரு நடையைத் தானே திட்டமிட்டு, பாதையை முன்கூட்டிப் பார்த்து, நடத்தி முடித்த அனுபவம் வேறெந்த இடத்திலும் இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. சதுப்பில் கபரக்கொய்யா சாதாரணம், முதலையும் உண்டு. நீரோரத்தில் பிள்ளைகளை இறக்கவே கூடாது. வெறுங்காலோடு சேற்றில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம் என்பதையும் நுளம்பையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

கடற்கரை விருப்பம் உள்ளவருக்கு ‘பேர்ள் புரொடெக்டர்ஸ்’ போன்ற தொண்டர் அமைப்புகள் இருக்கின்றன. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கியபோது அவற்றைப் பொறுக்கிச் சலித்தவர்களில் இவர்களும் உண்டு. கொட்டாஞ்சேனை மாணவருக்கு அத்திடியவைவிட முகத்துவாரமும் காக்கைதீவுக் கரையும் பக்கம். கரை துப்புரவு ஒரு நாள் வேலை. முகாம் வழிகாட்டிப் பயிற்சியாக அதை எண்ண முடியாது.

காலி வீதியோரமாகத் தெற்கே போனால் கொஸ்கொட பக்கம் கடலாமை முட்டைப் பொரிப்பகங்கள் வரும். தொண்டர் திட்டம் என்று விளம்பரமும் இருக்கும். இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும்: குஞ்சுகளைத் தொட்டியில் நாட்கணக்கில் வைத்து, வருவோர் போவோர் கையில் கொடுத்துப் படம் எடுக்க விடும் இடம் வேண்டவே வேண்டாம். பொரித்த குஞ்சு முதல் மணித்தியாலங்களில் கடலை நோக்கி வேகமாக நீந்துவதற்கென்றே சக்தியைச் சேமித்து வைத்திருக்கிறது. அது தொட்டியில் வீணாகிறது. உலகில் உள்ள 7 கடலாமை இனங்களில் 5 இலங்கைக் கரையில் முட்டையிடுகின்றன, அனைத்தும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. இந்த வேலையை ஒழுங்காக எப்படிச் செய்வது என்பதற்குச் சென்னை நல்ல உதாரணம். அங்கே மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் இயங்குகிறது. ஆண்டின் முதல் மாதங்களில் மாணவர்கள் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுகிறார்கள், குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். பொதுமக்களையும் அந்த நடைக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

காசு வேண்டும் என்றால் தனியார் பகல் முகாம்கள்தான். பெற்றோரிடம் கட்டணம் வாங்கும் முகாம், வழிகாட்டிக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காத இடத்தில் ‘அனுபவம்தானே சம்பளம்’ என்பார்கள், அந்த வசனத்தைக் கேட்டதும் எழுந்துவிடலாம். சேருமுன் கேட்க வேண்டியது, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பிள்ளைகள் என்பது. அமெரிக்க முகாம் சங்கம் பகல் முகாமில் 6 முதல் 8 வயதுவரை 8 பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 14 வயதுவரை 10 பேருக்கு ஒருவர் என்று வைத்திருக்கிறது. இரவு தங்கும் முகாமில் அது 6, 8 என்று இறுகும். 20 பிள்ளைகளைத் தனியாக ஒப்படைக்கும் முகாமில் ஏதாவது நடந்தால் பழி வழிகாட்டியின் தலையில்தான் விழும்.

சிங்கராஜ போன்ற காடுகளில் நடக்கும் தங்குமுகாம்களுக்கு ஆசைப்படாதவர் இல்லை. அட்டைக்கடி பெரிய விஷயமில்லை. இரவு இரண்டு மணிக்கு வீட்டை நினைத்து அழும் பிள்ளையைத் தேற்றுவதுதான் உண்மையான வேலை. அதனால் அது முதல் தெரிவாக இருக்க வேண்டாம். இரண்டு பகல் முகாம் செய்த கைக்கு மூன்றாவதாக வரட்டும்.

எங்கே போனாலும் சில விதிகள் ஒன்றுதான். எந்தப் பிள்ளையோடும் மூடிய இடத்தில் தனியாக இருக்கக் கூடாது. பெற்றோர் அனுமதி இல்லாமல் பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப்பில்கூடப் போடக் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929, அம்புலன்ஸுக்கான 1990 ஆகிய இரண்டு இலக்கமும் கைபேசியில் இருக்க வேண்டும். சாதாரண தரம் எழுதிவிட்டு வருபவர் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் அவரும் சட்டப்படி சிறுவர்தான். அவரிடம் தனிப்பொறுப்பு கொடுக்கும் முகாமைப் பெற்றோர் மறுத்துவிட வேண்டும்.

ஆக, பதினாறு வயதுக்காரர் சொந்தப் பாடசாலையின் முன்னோடிக் குழுவோடு அத்திடியவில் தொடங்கட்டும். உயர்தரம் முடித்து நேரம் உள்ளவர் தெகிவளைச் சங்கத்தில் சேர்ந்து, இடையில் பெத்தகானவில் உதவிப் பழகட்டும். கைச்செலவுக்குத் தேவை உள்ளவர் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்டுவிட்டுப் பகல் முகாமுக்குப் போகட்டும். டிசம்பர் விடுமுறைக்கு இடம் வேண்டுமானால் ஒக்டோபரிலேயே கடிதம் எழுதிவிடுங்கள். முதலுதவி வகுப்பு ஒன்றை அதற்கு முன்னரே முடித்து, அந்தச் சான்றிதழின் பிரதியையும் கடிதத்தோடு இணையுங்கள்.