எந்த வேலைக்கு எந்த இரும்பு: கார்பன் அளவை வைத்துத் தேர்வு

இரும்பில் கார்பன் ஏற ஏறக் கடினம் கூடுவதால், கார்பன் மிகுந்ததே உயர்ந்த இரும்பு என்று கொள்வது பரவலான பிழை. அறை வெப்பத்தில் இரும்பின் படிக அடுக்குக்குள் கார்பனுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. வெளித்தள்ளப்படும் கார்பன், எஃகில், மூன்று இரும்பணுவுக்கு ஒரு கார்பனணு என்ற கணக்கில் இணைந்து, சிமென்டைட்டு எனப்படும் மிகக் கடினமான, ஆனால் எளிதில் நொறுங்கும் சேர்மமாகிறது.

சன்னல் கம்பி, கிராதி போன்றவற்றுக்கு 0.25 விழுக்காட்டுக்கு மேற்படாத, கடைகளில் எம்.எஸ். எனப்படும் மென்னெஃகே போதும்; அது குளிர்நிலையிலேயே வளையும், வெல்டிங்கிலும் விரிசல் விடாது. கட்டடக் கம்பியில் எஃப்.இ. 500 வகைக்கு 0.30 விழுக்காடு வரை கார்பனை அனுமதிக்கும் இந்தியத் தரநிர்ணயம், 500டி வகைக்கு 0.25ஐ உச்சமாக வைத்து, அறுபடுமுன் கூடுதலாக நீளும் திறனையும் கேட்கிறது. நிலநடுக்க வாய்ப்புள்ள இடத்தில் பின்னதே தக்கது.

வெட்டும் கருவியின் கணக்கு வேறு. செஞ்சூட்டிலிருந்து நீரிலோ எண்ணெயிலோ சட்டெனக் குளிர்விக்கும்போது, வெளியேற நேரமில்லாத கார்பன் படிக அடுக்கை இழுத்து நெருக்கி, மார்ட்டென்சைட்டு என்னும் கடின நிலையை உண்டாக்குகிறது. கொல்லர் இதையே தோய்ச்சல் என்பர். மென்னெஃகில் அதற்குப் போதிய கார்பன் இல்லையாதலால், அதில் அடித்த கத்தி எத்தனை தோய்ச்சலுக்கும் கூர் நிற்பதில்லை. சுத்தியலடி வாங்கும் உளிக்கு 0.8 விழுக்காட்டை ஒட்டிய எஃகும், அடி வாங்காத அரத்துக்கு 1.2 விழுக்காட்டை ஒட்டியதும் பொருந்தும். எதுவாயினும், தோய்த்தபின் மிதமாகச் சூடேற்றிப் பதம் இறக்காவிடில் விளிம்பு தெறித்துவிடும். இன்னும் மேலே போனால் சூளைச் சூடும் கட்டுப்பட வேண்டும்: தென்னிந்தியாவில் மூசையில் உருக்கப்பட்ட, பெரும்பாலும் 1 விழுக்காட்டைக் கடந்த கார்பனுள்ள உருக்கை, ஐரோப்பியக் கொல்லர் தம் வழக்கப்படி வெண்சூட்டில் அடித்தபோது அது உதிர்ந்துபோனது.

2 விழுக்காட்டைத் தாண்டினால் வார்ப்பிரும்பு. தூய இரும்பு 1538 பாகை செல்சியசில் உருக, 4.3 விழுக்காட்டுக் கலவை 1150 பாகையை ஒட்டியே உருகி அச்சில் பாய்கிறது. சாம்பல் வார்ப்பிரும்பில் கார்பனின் பெரும்பகுதி கிராஃபைட்டுச் செதில்களாகப் பிரிவதால், அழுத்தத்தைத் தாங்கி அதிர்வை உள்வாங்கும் அது கடைசல் எந்திரப் படுகைக்கு ஏற்றதாகிறது. இழுவிசையிலோ அச்செதில்களே விரிசலின் வாயாகின்றன. கைதவறி விழுந்த தகட்டுத் தோசைக்கல் நெளிவதும், வார்ப்புக் கல் உடைவதும் இதனாலேயே.