நடுக்குவாதமும் ஞாபகசக்தியும்

லண்டன் நகரத்து ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் செய்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பார் 1817-ஆம் ஆண்டில் நடுக்குவாதத்தைப் பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். அவர் எடுத்துக்காட்டிய நோயாளர் அறுவரே. அவருள்ளும் சிலரை வீதியிற் கண்டதே உண்டு. உடல் நடுங்கினும் புலனும் அறிவும் பழுதுறா என்று அவர் எழுதினார். அக்கூற்று முழுதும் மெய்யன்று என்பதை நாம் இன்று அறிவோம்.

ஆயினும் இந்நோயாளரின் ஞாபகக்குறைவை அளந்தறிதல் எளிதன்று. மூளையின் கருநிறப் பகுதியிலுள்ள உயிரணுக்கள் அழிதலால் டோபமின் என்னும் பொருள் குறைகின்றது. அசைவோடு எண்ணமும் மந்தமடைகின்றது. விடை தாமதித்து வருதலை விடை தெரியாமை என்று கொள்ளலாமோ? நடுங்குங் கை கோணலாக வரைந்த கடிகாரத்தை அறிவின் கோணல் என்னலாமோ?

மான்ட்ரியல் நகரில் நஸ்ரெதீன் என்னும் வைத்தியரும் அவர் துணைவரும் வகுத்து 2005-இல் வெளியிட்ட சோதனை இக்காலத்துப் பெரிதும் வழங்குகின்றது. மொத்தம் 30 மதிப்பெண். 26-ம் அதற்கு மேலும் இயல்பெனப்படும். பன்னிரண்டாண்டுக்கு மேற் கல்லாதார்க்கு ஒரு மதிப்பெண் கூட்டுவர். அவ்வொன்று போதுமா என்பது நமக்கு ஐயமே.

அதன்கண் ஐந்து சொற்களை இருமுறை வாசித்துக்காட்டி, வேறு வினாக்களை வினவியபின் அவற்றைத் திரும்பக் கேட்பர். ஒருவர் இரண்டே சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று ஒரு மலரின் பெயர் என்று குறிப்புக் கொடுத்தவுடன் அதனைச் சொல்லிவிடுவாராயின், சொல் மனத்திற் பதிந்தே கிடந்தது. எடுத்துத் தருவதிலேதான் தடை. நூல்நிலையத்திற் புத்தகம் உண்டு, அட்டவணை தொலைந்தது என்பதுபோலாம். நடுக்குவாதத்தில் இவ்வகையே மிகுதி. பதிதலே குன்றினாரும் சிலர் உளர். அல்ஷைமர் நோயிலோ குறிப்பும் பெரும்பாலும் உதவுவதில்லை. குறிப்பினால் வந்த விடைக்கு மதிப்பெண் இல்லையெனினும், நம் கருத்தில் மதிப்பெண்ணினும் மிகுதியாகப் பேசுவது அவ்விடையே.

சோதிக்கும் வேளையும் முக்கியம். மருந்தின் வலி தணிந்த வேளையிற் சோதித்தால் குறைந்த எண்ணே கிட்டக்கூடும். மனச்சோர்வும் மறதியைப் போலத் தோன்றும். நடுக்கத்திற்கென உண்ணும் டிரைஹெக்ஸிபெனிடில் மாத்திரை தானே ஞாபகத்தைக் குலைப்பதுண்டு. வைத்தியர் அதனைச் சிறிது சிறிதாகக் குறைத்தபின் மீண்டுஞ் சோதித்தல் தகும். பரீட்சை யென்றால் நம் மாணாக்கருக்கே நாக்குழறும், முதியோர்க்குச் சொல்லவேண்டுமோ!

எண் குறைந்தமை கொண்டே ஒருவரை அறிவிழந்தாரென்று தீர்க்கலாகாது. அன்றாட வாழ்வும் அக்குறையால் தடைப்படல் வேண்டும் என்பது 2007-இல் வகுத்த விதி. அதன் பொருட்டு, தாம் உண்ணும் மருந்துகள் எவை, எவ்வளவு, எவ்வேளை என்று நோயாளரையே சொல்லச் சொல்வதுண்டு. விடை சரியா என்பதை வீட்டாரிடம் கேட்டறியலாம்.