பழைய விமானம், இளைய கைகள்

வங்கியில் ஒருவர் பதிவு செய்யும் பரிவர்த்தனையை மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் அளிப்பதை வாடிக்கையாளர்கள் அறிவீர்கள். விமானப் பராமரிப்பிலும் இம்முறை உண்டு. ஆனால் அங்கே பிழை நேர்ந்தால் போவது பணம் அன்று, உயிர்.

அமெரிக்காவில் இந்தப் பொறுப்பைப் பதின்பருவத்தினருக்குப் பழைய விமானங்களைக் கொண்டே கற்பிக்கின்றனர். 2003-இல் தொடங்கப்பட்ட ‘பில்ட் எ பிளேன்’ என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு, நன்கொடையாகப் பெறும் விமானங்களைப் பள்ளிகளுக்கு வழங்குகிறது. மாணவர்கள் அவற்றைத் தம் கையாலேயே சீரமைக்கின்றனர்.

அந்நாட்டில் இன்றும் சீரமைக்கப்பட்டுவரும் ‘பைப்பர் ஜே-3 கப்’ விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1938 முதல் 1947 வரை தயாரிக்கப்பட்ட இதன் உடற்பகுதி, பற்றவைத்த எஃகுக் குழாய்களின்மேல் துணி போர்த்தியது. வால் தாழ்ந்து நிற்பதால், பின்பக்கக் கீழ்க்குழாய்களில் ஈரம் தங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மேற்பூச்சோ பளபளக்கும். கூர்முனைக் கருவியால் குத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும். (தணிக்கைப் பணியில் இருந்தவர்கள் இவ்விடத்தில் புன்னகைக்கக்கூடும்.)

பிறகு புதுத் துணி. பாலியெஸ்டர் துணியை ஒட்டி, இஸ்திரிப்பெட்டியால் சூடேற்றிச் சுருக்கி இறுக்குகின்றனர். பரவலான ஒரு முறையில் முதலில் 121 டிகிரி செல்சியஸ், அடுத்து 149, இறுதியில் 177. அதனினும் மிகுந்தால் துணி கெடும். ஆகவே பெட்டியின் குமிழில் உள்ள எண்ணை நம்பாமல், வெப்பமானியால் அளந்த பின்னரே துணியில் வைக்க வேண்டும்.

உரிமம் பெற்ற மெக்கானிக் நேரில் கண்காணித்தால், உரிமம் இல்லாத மாணவரும் அங்கே வேலை செய்யலாம். செய்த வேலையைப் பதிவேட்டில் எழுதி மெக்கானிக் கையொப்பமிட்டாலன்றி விமானம் பறக்க இயலாது. மெக்கானிக் உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 18. பயிற்சி விமானியாகத் தனியே பறக்க 16 போதும். எனவே பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, தான் சீரமைத்த விமானத்தில் தனியே பறக்கலாம். அதற்குக் கையொப்பமிட மட்டும் முடியாது. எனக்கு இது மிகச் சரியான ஏற்பாடாகவே தோன்றுகிறது.

இத்தகைய முயற்சிக்கு விமானத்தைவிட அரிதானது, ஆண்டுக்கணக்கில் மாலைப் பொழுதுகளை ஒதுக்கும் அந்த மெக்கானிக்தான்.

நம் நாட்டிலும் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இப்படிப்புக்குக் கல்விக் கடன் நாடும் பெற்றோர், அந்தப் பயிற்சி நிறுவனம் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்றதா என முதலில் பாருங்கள். பின்னர் அதன் பணிமனைக்கும் ஒருமுறை சென்று, மாணவர்கள் கையில் ஸ்பேனர் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டண விவரத்தை அதன் பிறகு கேட்கலாம்.