நெல்லைப் போல நிற்கும் களை

வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை வயல்களில் நெல் செய்தவர்களுக்கு நெற்சப்பியைத் தெரியும். இளம் பருவத்தில் அது நெல்லோடு நெல்லாக நிற்கும். கதிர் தள்ளிய பிறகே களை என்று புரியும். அதற்குள் உரத்தையும் ஈரத்தையும் பங்கு கேட்டுவிடும். இந்த ஒப்புமை எப்படி வந்தது?

உயிரினம் ஒன்று வேறொன்றின் தோற்றத்தைப் பெறுவதை விஞ்ஞானிகள் போலித்தோற்றம் என்பர். அமேசன் காட்டு வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டு ஹென்றி பேட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1862 இல் இதனை விளக்கினார். எமது நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளரும், சிவப்புப் புள்ளிகள் கொண்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சி பறவைகளுக்கு ஒவ்வாது. தேசி, கறிவேப்பிலை ஆகியவற்றில் வளரும் வேறோர் இனத்துப் பெண் பூச்சிகள் சிலவும் அதே வேடத்தில் பறக்கின்றன. அவற்றில் நஞ்சில்லை, வேடமே காவல். பூச்சி இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. நச்சுப்பூச்சியை ஒத்தவை தப்பின, ஒவ்வாதவை இரையாகின. தலைமுறைகள் செல்ல வேடம் திருந்தியது.

வயலில் பறவையின் வேலையைச் செய்தவர்கள் நாமே. வேறுபட்டுத் தெரிந்த களையைப் பிடுங்கினோம். நெல்லை ஒத்தது தப்பி விதை கொட்டியது. பயிரைக் களை ஒத்துப்போகும் இவ்விதத்தை ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் வவிலோவ் ஆராய்ந்தார். கோதுமை வயலில் களையாக இருந்த ரை, கோதுமையை ஒத்துவந்து கடைசியில் தானே பயிராகிவிட்டது என்று அவர் எடுத்துக்காட்டினார். சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியில் நெல்லை ஒத்த களைகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், அவ்வேடம் ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் உருவானதாக 2019 இல் வெளியிட்டனர்.

வேடத்துக்கும் ஓர் ஓட்டை உண்டு. இலை, தண்டோடு சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல்லில் நாக்குப் போன்ற மெல்லிய வெண்சவ்வு இருக்கும். நெற்சப்பியில் அது இராது. கதிர் வரும்வரை காத்திராமல் இளம் பருவத்திலேயே பிடுங்க இந்த அடையாளம் போதும்.

இதையெல்லாம் எமக்கு யாரும் புத்தகத்தில் படிப்பிக்கவில்லை. தாயின் பின்னால் வரம்பில் நின்று, அவர் கை போன வழியே எமது கையும் போனது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகம் வெறுமையாகியபோது வயலோடு இந்தப் பழக்கமும் அறுந்தது. முகாமிலும் வாடகை வீட்டிலும் வளர்ந்த பிள்ளைக்குப் பார்த்துச் செய்ய வயல் இருக்கவில்லை.

மனிதப் பிள்ளை பார்த்துச் செய்வதில் மற்ற உயிர்களை மிஞ்சியது. 2005 இல் வெளியான ஓர் ஆய்வில், பெட்டியிலிருந்து பரிசை எடுக்கும் முறை சிம்பன்சிகளுக்கும் சிறுவர்களுக்கும் காட்டப்பட்டது. பெட்டி உள்ளே தெரியும்படி இருந்தபோது சிம்பன்சிகள் தேவையற்ற செயல்களை விட்டுவிட்டன. சிறுவர்களோ அவற்றையும் அப்படியே செய்தனர். காரணம் புரியாத வேலையையும் பிள்ளை கற்றுக்கொள்வது இதனாலேயே. ஆபத்தும் இதிலேயே உள்ளது. 1961 இல் அமெரிக்காவில் அல்பேர்ட் பண்டுரா 72 சிறுவர்களைக் கொண்டு நடத்திய சோதனையில், பெரியவர் பொம்மையை அடிப்பதைக் கண்டவர்கள் தாமும் அவ்வாறே அடித்தனர்.

ஆகவே, பிள்ளை எதைப் பார்க்கிறது என்பது எமது பொறுப்பு. காணி திரும்பக் கிடைத்தவர்கள் களை எடுக்கும் நாளில் பிள்ளைகளையும் கூட்டிச் செல்வோம். இன்னும் கிடைக்காதவர்கள் ஒரு பழைய வாளியில் நெல்லையும் நெற்சப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் முளைக்க வைத்துக் காட்டலாம். களை விதை கொட்டுமுன் பிடுங்கிவிட வேண்டும். மூத்தவர்கள் இருக்கும்போதே இதைச் செய்வோம்.

கலந்துரையாட:

1. பெற்றோரைப் பார்த்தே நாம் கற்ற வேலைகள் எவை? அவற்றில் எவற்றை எமது பிள்ளைகள் இன்னும் காணவில்லை?

2. பிள்ளைகள் எம்மிடம் பார்த்துச் செய்யக்கூடாதென நாம் நினைப்பவை எவை?